மெட்டல் டிடெக்டர் வைத்து எங்கள் வயல் வட்டையில் பழைய காசு தேடலாமா?

படுவான்கரைப்பொடியன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம் எங்களுக்கு வயல் இருக்கிறது. எந்த வட்டை என்று சொல்லவில்லை, ஏன் என்று கீழே வாசித்தால் புரியும். வட்டைக்கு நடுவில் ஒரு மேட்டுத்துண்டு, மாரியில் சுற்றிவர வெள்ளம் நின்றாலும் அது மட்டும் தாழாது. அம்மப்பா காலத்தில் வாடி போட்டுக் காவல் இருந்ததும் அதில்தான், சூடடிக்கிற களவெட்டியும் அதில்தான். உழும்போது செங்கல் துண்டுகள் கிளம்பும், இப்போது சூளையில் அறுக்கிற கல் மாதிரி இல்லை, தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். சட்டித் துண்டுகளும் நிறைய வரும், வெளிப்பக்கம் சிவப்பு, உள்பக்கமும் வாய் விளிம்பும் நல்ல கறுப்பு. முதலில் அடுப்புக்கரி என்று நினைத்தோம், தேய்த்தால் போகவில்லை.

போன மாரி முடிந்து வரம்பு கட்டும்போது இரண்டு செம்புக் காசு கிடைத்தது. ஒன்றில் ஒரு ஆள் நிற்கிற மாதிரிக் கோட்டு உருவம், மறுபக்கம் இருக்கிற உருவம், பக்கத்தில் ஏதோ எழுத்து. மற்றதில் ஆங்கில எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன, கீழே வருசமும் இருக்கிறது, முதல் இரண்டு இலக்கம் 17, மிச்சம் தேய்ந்துவிட்டது.

இப்போது விசயம் என்னவென்றால், லண்டனில் இருக்கிற மாமா ஆவணியில் வருகிறார். அங்கே அவர் சனி ஞாயிறு என்றால் டிடெக்டர் மெஷினோடு வயல் வயலாகப் போகிறவர். காசுப் படத்தை அனுப்பினதில் இருந்து அவருக்கு நித்திரை இல்லை, மெஷினையும் கொண்டு வாறன், சிறுபோகம் அறுத்த கையோடு மேட்டை முழுக்கப் பார்ப்போம் என்கிறார். எனக்கும் ஆசைதான், மறைக்கவில்லை. ஆனால் ஊரில் இரவில் பூசை வைத்துப் புதையல் தோண்டுகிற கூட்டம் ஒன்று அலைகிறது, அந்தக் கணக்கில் நாங்களும் சேர்ந்துவிடக் கூடாது. எங்கள் சொந்த வயலில், பகலில், ஒளிவு மறைவு இல்லாமல் தேடினால் பிழையா? எங்கள் மண்ணில் அந்த மெஷின் வேலை செய்யுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காசுக்கடை எழுதியது:

தம்பி, காசு இரண்டையும் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்துத் தனியாக அனுப்புங்கள். வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், நல்ல விலை வரும். மெஷின் போட்டால் இன்னும் வரும். பயப்பட ஒன்றும் இல்லை, எத்தனை பேர் செய்கிறார்கள்.

வந்தாறுமூலை_ரீச்சர் எழுதியது:

மேலே சொன்னவரின் பேச்சைக் கேட்க வேண்டாம் தம்பி. விற்கிறதற்காகப் படம் அனுப்பினால் அந்தப் படமே நாளைக்கு உங்களுக்கு எதிரான சாட்சி. நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன், சட்டத்தரணி இல்லை, ஆனால் இந்தச் சட்டத்தை வரிவரியாக வாசித்திருக்கிறேன், ஆகவே நேராகவே சொல்கிறேன்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது, 1998இல் திருத்தித் தண்டனைகளை நன்றாகக் கூட்டினார்கள். அதன்படி, இன்னும் கண்டெடுக்கப்படாத தொல்பொருள் எதுவாக இருந்தாலும் அரசுக்குச் சொந்தம். நிலத்துக்கு மேலே கிடந்தாலும் கீழே கிடந்தாலும், ஆற்றுக்குள் குளத்துக்குள் கிடந்தாலும் அதே கதைதான். உறுதி உங்கள் பெயரில் இருக்கலாம், பரம்பரைக் காணியாக இருக்கலாம், மண்ணுக்குள் கிடக்கிற பழைய பொருள் அதில் சேராது. அடுத்தது இன்னும் முக்கியம்: தொல்பொருள் கண்டுபிடிக்கும் நோக்கத்தோடு எந்த நிலத்தையும், தன்னுடைய சொந்த நிலத்தையும்கூட, அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டக் கூடாது. வரம்பு கட்டும்போது தற்செயலாகக் காசு வந்தது குற்றம் இல்லை. மெஷினைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வருகிற இடத்தில் மண்வெட்டி போடுவது தற்செயல் இல்லை. பகலில் செய்தாலும் இரவில் செய்தாலும், பூசை வைத்தாலும் வைக்காவிட்டாலும் சட்டத்துக்கு ஒன்றுதான்.

எது தொல்பொருள் என்பதற்கு அந்தச் சட்டம் ஒரு திகதி வைத்திருக்கிறது, 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியது என்று நியாயமாக நம்பக்கூடிய பொருள் தொல்பொருள். உங்கள் இரண்டு காசுமே அதற்குள் வருகின்றன. எழுத்துப் பின்னிக் கிடக்கிறது என்றீர்களே, அது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனிக் காசு. வீ என்ற எழுத்தின் இரண்டு கால்களிலும் ஓவும் சீயும் கோர்த்திருக்கும். 1726 தொடக்கம் 1794 வரை நெதர்லாந்தின் மாகாணங்களில் அடித்துக் கப்பல் கப்பலாக இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். மறுபக்கத்தில் இருக்கிற கேடயச் சின்னத்தைப் பார்த்தால் எந்த மாகாணம் என்று தெரியும். மட்டக்களப்பு புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினது 1628இல், ஒல்லாந்தர் பிடித்தது 1638இல், அதற்குப் பிறகு இடையில் சில காலம் தவிர 1795 வரை அவர்கள் கையில்தான். ஆகவே அந்தச் சல்லி படுவான்கரை வயல் வரைக்கும் வந்ததில் அதிசயம் இல்லை.

நிற்கிற உருவம் உள்ளது அதைவிட எத்தனையோ நூற்றாண்டு மூத்தது. அந்த வடிவத்தை முதலாம் இராசராசன் பெயரில் அடித்த காசிலும் பார்க்கலாம், சோழர் போன பிறகு பொலன்னறுவையில் இருந்து ஆண்டவர்களும் அதே வடிவத்தைத்தான் தொடர்ந்தார்கள். பராக்கிரமபாகு, லீலாவதி, சாகசமல்லன், எல்லோரும். நிற்கிற ஆள், மறுபக்கம் இருக்கிற ஆள், பக்கத்தில் நாகரி எழுத்தில் பெயர். வெளிச்சத்தைச் சரிவாகப் பிடித்துப் பாருங்கள், முதல் எழுத்து பெரும்பாலும் ஸ்ரீ. அடுத்ததில்தான் யார் என்று தெரியும். தேய்க்க வேண்டாம், பாருங்கள், அவ்வளவுதான்.

எனக்கு அந்தக் காசுகளைவிட நெஞ்சு படபடக்க வைத்தது உங்கள் சட்டித் துண்டு. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, விளிம்பும் கறுப்பு. சட்டியைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாமல் அப்படி வரும். பெரிய கற்களால் கல்லறை கட்டின பெருங்கற்கால மக்கள் பாவித்த பாண்டம் அது. இந்தப் பக்கம் கதிரவெளியில் அந்த மக்களின் அடையாளங்கள் உண்டு. உங்கள் மேட்டில் அது இருக்கிறது என்றால், காசுக்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே அங்கே ஆட்கள் இருந்திருக்கலாம். டிடெக்டருக்குச் சட்டி கேட்காது, மணி கேட்காது, எலும்பு கேட்காது, சாம்பல் கேட்காது. உலோகம் மட்டும்தான் கேட்கும். அதை எடுக்கப் போட்ட குழியில் மற்ற எல்லாம் உடைந்து கலந்துபோகும்.

வன்னியில்_வேலை எழுதியது:

நான் சில வருசம் கண்ணிவெடி அகற்றுகிற வேலை செய்தவன், ஊர் செங்கலடி. மெஷின் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தடியின் நுனியில் இருக்கிற வட்டத்துக்குள் செம்புக்கம்பிச் சுருள். அதில் மின்சாரம் மாறி மாறி ஓடும், அதனால் காந்தப்புலம் மாறி மாறி மண்ணுக்குள் போகும். கீழே உலோகம் இருந்தால் அதற்குள் ஒரு சின்ன மின்னோட்டம் சுழலும், அது தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி விடும், அதை மெஷின் பிடித்துச் சத்தமாக்கும். இவ்வளவுதான் சங்கதி. ஒரு காசு அளவான சாமானைச் சாதாரண மெஷின் ஒரு சாண் ஆழத்துக்குள்தான் ஒழுங்காகப் பிடிக்கும், அதற்கு மேல் போனால் குறைந்துகொண்டே போகும். ஐந்து மீற்றர் பத்து மீற்றர் ஆழத்தில் தங்கம் காட்டும் என்று இணையத்தில் விற்கிறார்களே, அன்டெனா மாதிரி இரண்டு குச்சி நீட்டிக்கொண்டு இருக்கும், அது முழுப் பொய். தங்கத்தை மட்டும் காட்டுகிற மெஷினும் கிடையாது. மோதிரத்துக்கும் சோடாப் பேணியின் திறப்பானுக்கும் பல நேரம் ஒரே சத்தம்தான் வரும்.

எங்கள் மண்ணுக்கு வருகிறேன். சரளைக்கல்லும் செம்மண்ணும் இருக்கிற இடத்தில் இரும்புச் சத்துக் கூட, மெஷின் மண்ணுக்கே கத்தும். அதை மண்ணுக்கு ஏற்றபடி சரிசெய்ய வேண்டும், சரிசெய்தாலும் ஆழம் குறையும். வாவிக்கரையில் உப்பு ஊறின ஈர மணலிலும் அதே தொல்லை. இங்கிலாந்து வயலில் ஓடுகிற மாதிரி இங்கே ஓடும் என்று உங்கள் மாமா நினைக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய விசயம் ஒன்று. படுவான்கரையில் எந்த வட்டையில் சண்டை நடக்கவில்லை? வெற்றுத் தோட்டா பித்தளை. பித்தளைக்கு வருகிற சத்தம் செம்புக் காசுக்கு வருகிற சத்தம் மாதிரியே இருக்கும், நல்ல தெளிவான சத்தம். தோண்டுகிறவன் காசு என்று நினைத்துத்தான் தோண்டுவான். வெற்றுத் தோட்டா என்றால் பரவாயில்லை. வெடிக்காத மோட்டார் குண்டு என்றால்? மட்டக்களப்பு மாவட்டம் 2017 ஜூனில் அறியப்பட்ட கண்ணிவெடிப் பகுதிகள் இல்லாத மாவட்டமாக அறிவிக்கப்பட்டது, அது உண்மை, அதற்காக உழைத்தவர்களுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அறியப்பட்ட கண்ணிவெடி வயல் வேறு, எங்கோ விழுந்து வெடிக்காமல் புதைந்துபோன தனிக் குண்டு வேறு. கலப்பை போகாத ஆழத்தில் அது கிடக்கலாம்.

நாங்கள் ஒரு சத்தம் வந்தால் என்ன செய்வோம் தெரியுமா? மேலே இருந்து குத்த மாட்டோம். சத்தத்துக்கு நடுவைக் குறித்து வைத்து, அதற்குக் கொஞ்சம் முன்னால் இருந்து, சரிவாக, சாமானின் பக்கவாட்டைத் தொடுகிற மாதிரி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து எடுப்போம். முகத்துக்குக் கவசம், மார்புக்குக் கவசம், எதிர்வெயிலில் முழங்காலில். ஒரு ஆணியை வெளியே எடுக்கவும் அதே மரியாதைதான். வயலில் அலவாங்கு போடுகிறவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சந்தேகமான இரும்பு ஒன்றைக் கண்டால் தொடாதீர்கள், அசைக்காதீர்கள், சுற்றிவர ஆட்களை விலக்கிவிட்டு 119க்கு எடுங்கள்.

பொத்துவில்_விவசாயி எழுதியது:

ரீச்சர் சொன்னது சட்டப்படி சரியாக இருக்கலாம். நான் கேட்கிற கேள்விக்கும் பதில் சொல்லுங்கள். இந்தத் தம்பி போய் எங்கள் வயலில் பழைய காசு இருக்கிறது, செங்கல் இருக்கிறது என்று சொன்னால் அடுத்த போகத்துக்கு அவர் அந்த வயலுக்குள் இறங்க முடியுமா? எங்கள் பக்கம் முகுது மகா விகாரை என்ற பௌத்த விகாரையின் காணிப் பிரச்சினை 2020இல் எவ்வளவு பெரிதானது என்று எல்லோருக்கும் தெரியும். அதே வருசம் ஜூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி செயலணி போட்டார்கள், பாதுகாப்புச் செயலாளர் தலைமையில். போடும்போது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. முக்கால்வாசிப் பேர் தமிழ் பேசுகிற மாகாணம் இது. வாப்பா காலத்தில் இருந்து பெர்மிட்டில் செய்கிற காணிக்குள் ஒரு நாள் தொல்பொருள் எல்லைக்கல்லை நட்டுவிட்டு, இதற்கு மேல் உழாதே என்று சொன்னால் யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் இங்கே ஆட்கள் செங்கல்லைக் கண்டால் திரும்ப மண்ணைப் போட்டு மூடுகிறார்கள். களவு செய்ய வேண்டும் என்று அல்ல, காணி போய்விடும் என்ற பயம். தம்பி, மெஷினும் வேண்டாம், அறிவிக்கவும் வேண்டாம், காசை அலுமாரியில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

வந்தாறுமூலை_ரீச்சர் எழுதியது:

நானா, நீங்கள் சொல்கிற பயம் பொய்யில்லை. எங்கள் சொந்தக்காரர் ஒருவரின் மேய்ச்சல் தரையிலும் அப்படி எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள், மாடு கொண்டுபோனால் கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள், மூடி வைத்தால் யாருக்கு நட்டம்? இந்தக் கிழக்கில் யார் எப்போது இருந்தார்கள் என்ற சண்டையில் எல்லோரும் மேடையில் நின்று கத்துகிறார்கள். கத்தாமல் பேசக்கூடியது மண் ஒன்றுதான். எந்தச் சட்டி எந்த ஆழத்தில், எந்தக் காசு எந்தச் செங்கல்லுக்கு மேலே, எந்த மணி எந்தச் சாம்பலுக்குள் என்று ஒழுங்காகப் பார்த்து எழுதினால், பிராமி எழுத்து வெட்டினவரும் சோழக் காசு பாவித்தவரும் சல்லிக்கு நெல் விற்றவரும் ஒரே மேட்டில் ஒருவர் பின் ஒருவராக இருந்ததை யாரும் மறுக்க முடியாது. பௌத்தச் சின்னம் வந்தால் அது தமிழனுக்கு ஆகாதது, சிவலிங்கம் வந்தால் அது மற்றவருக்கு ஆகாதது என்ற பேச்சே அந்த ஆழத்தில் நிற்காது. மெஷின் போட்டுக் கிண்டிவிட்டால்? மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே. அதற்குப் பிறகு அந்த மேட்டைப் பற்றி யார் என்ன கதை சொன்னாலும் இல்லை என்று காட்ட எங்களிடம் ஒன்றும் இருக்காது. மற்றவர்களைவிட எங்களுக்குத்தான் அந்த மேடு கலையாமல் இருக்க வேண்டும், நானா. என்னுடைய முழுக் கவலையும் இதுதான்.

அலுமாரியில் வைப்பதும் பாதுகாப்பு இல்லை. கண்டெடுத்தால் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். நாலு பேர் தெரிந்த பிறகு யாராவது சொன்னால், மறைத்து வைத்தது என்றாகும். எழுத்தில் கொடுத்தவருக்குத்தான் கையில் ஒரு பிடி இருக்கும்.

கெண்ட்_வயல்காரன் எழுதியது:

நான் களுவாஞ்சிகுடி, இங்கிலாந்தில் கெண்ட் பக்கம் இருக்கிறேன். இந்தப் பொழுதுபோக்கு எனக்கும் உண்டு, ஆகவே மாமாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

இங்கேயும் நினைத்த இடத்தில் தேட முடியாது. காணிக்காரரின் அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களின் பட்டியலில் இருக்கிற நிலத்தில் விசேட அனுமதி இல்லாமல் மெஷினைப் பாவித்தாலே குற்றம். 1996இல் வந்த புதையல் சட்டப்படி, 300 வருசத்துக்கு மேற்பட்ட தங்கம் வெள்ளிச் சாமான், ஒரே இடத்தில் கிடைத்த பழைய காசுக்குவியல் எல்லாவற்றையும் 14 நாளுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் எடுத்தால் விலை மதித்துக் கொடுப்பார்கள், அது வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் காணிக்காரருக்கும் பாதி பாதி. புதையல் கணக்கில் வராத சின்னச் சாமானையும் பதிந்துகொள்ள 1997இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் அதற்கென்று அலுவலர்கள் இருக்கிறார்கள், நாங்கள் ஒரு பொத்தானைக் கொண்டுபோனாலும் இடத்தைக் கேட்டு எழுதிவிட்டுத் திருப்பித் தருவார்கள். பெரும்பாலும் பலமுறை உழுது புரண்ட மேல்மண்ணில்தான் தேடுவோம், கலப்பைக்குக் கீழே சத்தம் வந்தால் கையை எடுத்துவிட்டு அலுவலருக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் முறை. ஒளித்து இரவில் தேடுகிறவர்களை இங்கேயும் பிடிக்கிறார்கள், சிறைக்கும் அனுப்புகிறார்கள்.

இந்த ஏற்பாடு எதுவும் இலங்கையில் இல்லை. ஏற்பாடு இல்லாத இடத்துக்கு மெஷினை மட்டும் கொண்டுபோவது சரியில்லை. தவிர, சுங்கத்தில் அந்தப் பெட்டியைத் திறந்தால் என்னத்துக்கு என்று கேட்பார்கள். பயணத்துக்கு முன்னமே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வைத்திருக்காமல் கொண்டுபோகக் கூடாத சாமான் அது. மாமாவின் விடுமுறை பொலிஸ் நிலையத்தில் போய்விடும்.

இன்னொன்று. 1992 நவம்பரில் சஃபோக்கில் ஹொக்ஸன் என்ற ஊரில், ஒருவர் வயலில் தொலைந்த சுத்தியலைத் தேடித் தரச் சொல்லி எரிக் லோஸ் என்பவரைக் கூப்பிட்டார். அவர் மெஷினோடு போனார். சுத்தியலுக்கு முன்னால் வெள்ளிக் கரண்டி, தங்கக் காசு என்று வரத் தொடங்கியது. கொஞ்சம் எடுத்தார், கீழே இன்னும் இருக்கிறது என்று தெரிந்தது, நிறுத்திவிட்டார். உடனே அறிவித்தார். அடுத்த நாளே தொல்லியலாளர்கள் வந்து சுற்றியிருந்த மண்ணோடு சேர்த்து எடுத்தார்கள். கிட்டத்தட்ட 15,000 உரோமக் காசு. ஆனால் பெரிய விசயம் அது இல்லை. மரப்பெட்டி உக்கிப்போய்விட்டது, ஆனாலும் சாமான் அடுக்கியிருந்த முறையை வைத்துப் பெட்டியின் அளவைச் சொல்ல முடிந்தது. அதற்குள் சின்னப் பெட்டிகள், அவற்றுக்கு வெள்ளியில் சின்னஞ்சிறு பூட்டுகள், பாத்திரம் கீறுப்படாமல் இடையில் வைத்த வைக்கோல், எல்லாம் தெரிந்தது. ஒரு குடும்பம் ஆறுதலாக உட்கார்ந்து கவனமாகப் பொதி கட்டியிருக்கிறது என்று தெரிந்தது. எரிக் லோஸ் அன்று பின்னேரம் வாளியில் அள்ளிக்கொண்டு போயிருந்தால் காசு அதே காசுதான், அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திராது. அந்தக் குவியலில் மிளகுத்தூள் போடுகிற குப்பிகளும் இருந்தன, மிளகு எங்கள் பக்கத்துக் கடலால் போனது என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், அந்தச் சுத்தியலையும் சேர்த்து. மாமாவை ஒருநாள் அங்கே போகச் சொல்லுங்கள்.

படுவான்கரைப்பொடியன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாமாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு மெஷின் வேண்டாம், கமராவைக் கொண்டு வாறன் என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. நானா சொன்ன பயம் அப்பாவுக்கும் இருக்கிறது, ஆனால் ரீச்சர் எழுதியதை அவரும் இரண்டு தரம் வாசித்தார்.

இரண்டு கேள்வி மிச்சம். அம்மா காசைப் புளி போட்டு மினுக்கப் போனா, நான் பறித்து வைத்திருக்கிறேன். அதை எப்படி வைப்பது, எப்படி அறிவிப்பது? அடுத்தது, வாய்க்கால் அகலமாக்கப் போகிறார்களாம், மண் வெட்டுகிற பெக்கோ மேட்டின் ஓரத்தால் போகும் என்று வட்டையைப் பார்க்கிற வட்டவிதானை சொல்கிறார். அதுதான் இப்போது பெரிய யோசனை.

வந்தாறுமூலை_ரீச்சர் எழுதியது:

பறித்தது நல்ல வேலை. புளி, தேசிக்காய், சாம்பல், பல் விளக்குகிற பசை, எதுவும் படக் கூடாது. செம்பின் மேலே பச்சையாகப் படிந்திருக்கிறதே, எழுத்தின் மேடு பள்ளம் அந்தப் படிவில்தான் நிற்கிறது, புளி அதைத் தின்றுவிட்டால் வெறும் தகடுதான் மிஞ்சும். காய்ந்த மண் ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசி உறையில் போடுங்கள், பொலித்தீன் பையில் வைத்தால் ஈரம் நின்று அரிக்கும். உறையின் மேல் பென்சிலால் திகதி, வயலில் எந்த மூலை, வரம்பின் மேற்பரப்பில் இருந்து எவ்வளவு ஆழம், எடுத்தவர் பெயர். ஆழம் நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுதுங்கள், ஊகித்து எழுதுவதைவிட அது பயன்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள், இரண்டு பக்கமும், வெளிச்சம் ஒரு ஓரத்தில் இருந்து விழுகிற மாதிரி. மேட்டில் நின்று போனில் இடக்குறிப்பை எடுத்து வையுங்கள், ஆனால் அதை இங்கேயோ முகநூலிலோ போடவே கூடாது, பூசைக்காரர் முதலில் வருவார்கள். செங்கல்லையும் சட்டித் துண்டையும் கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து குவிக்க வேண்டாம்.

பிறகு ஒரு கடிதம். தற்செயலாக, விவசாய வேலையின்போது, இன்ன திகதியில் கிடைத்தது என்று தெளிவாக எழுதுங்கள், அந்தச் சொற்கள் முக்கியம். இந்தக் காணியில் இன்னார் இத்தனை காலமாக விவசாயம் செய்கிறோம், தொடர்ந்தும் செய்கிறோம் என்பதையும் அதே கடிதத்தில் போட்டு, உறுதியின் பிரதியை இணைத்துவிடுங்கள். கிராம உத்தியோகத்தரோடு போய்ப் பிரதேச செயலகத்தில் கொடுங்கள், தொல்பொருள் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி. உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வர வேண்டாம். காசை யாராவது பாரமெடுத்தால் இரண்டு பக்கமும் படம் ஒட்டி, கையொப்பம் வைத்த பற்றுச்சீட்டு வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. இங்கே பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பிக்கிறவர்களுக்கும், யாழ்ப்பாணத்தில் தொல்லியல் செய்கிறவர்களுக்கும் படம் அனுப்பினால் நல்லது, எங்கள் ஆட்கள் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும்.

பெக்கோ விசயம்தான் அவசரம். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் எழுப்புங்கள், நீர்ப்பாசனப் பொறியியலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். மேட்டுப் பக்கம் விட்டு எதிர்க்கரையை வெட்டினால் வேலை ஒன்றும் தடைப்படாது, வாய்க்காலுக்கு அகலம் எந்தக் கரையில் வந்தாலும் தண்ணீர் ஓடும். வட்டவிதானையை முதலில் உங்கள் பக்கம் எடுங்கள், அவர் சொன்னால் டிரைவர் கேட்பார்.

வன்னியில்_வேலை எழுதியது:

பெக்கோ இறங்குகிற அன்று நான் வருகிறேன் தம்பி, தனியாகத் தொடர்புகொள்ளுங்கள். வெட்டின மண்ணில் குண்டு ஏதும் வந்தால் பார்த்துச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டும், செங்கல் வரிசை தெரிந்தால் வாளியை நிறுத்தச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டும். மண்ணை ரோட்டுக்கு நிரவ ஏற்றிக்கொண்டு போக விடாதீர்கள், கரையிலேயே கொட்டச் சொல்லுங்கள்.